அறிவியலை யாரிடம், எப்படிச் சொல்வது? அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

ஆய்வாளர்கள் பொது வாசகருக்கு எழுதும் கட்டுரைகளைச் செம்மை செய்வது என் வேலை. கூடவே, மேடையில் பேசப் போகிறவர்களுக்கு ஒத்திகை பார்க்கவும் உதவுகிறேன். துறை எதுவானாலும் என்னிடம் வரும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எளிமையாகச் சொன்னால் போதாதா? இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

போதாது. எளிமை இரண்டாவது வேலை. கேட்பவர் மனத்தில் என்ன கேள்வி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

ஒருமுறை முதியவர்கள் கூட்டம் ஒன்றில் இரத்த அழுத்தம் பற்றிப் பேச ஓர் ஆய்வாளரைத் தயார் செய்தேன். இதயம் ஒரு பம்பு, தமனிகள் குழாய்கள், குழாய் விறைத்துப்போனால் அழுத்தம் ஏறும் என்று 40 நிமிடம் அழகாகப் பேசினார். ஒரு கடினச் சொல்கூட இல்லை. பேசி முடித்ததும் முதல் கேள்வி வந்தது: "பிரஷர் நார்மல் ஆயிடுச்சுன்னா மாத்திரையை நிறுத்திடலாமா?" இரண்டாவது கேள்வி: "ஒருவேளை மறந்துட்டா, அடுத்த வேளைக்கு ரெண்டா போட்டுக்கலாமா?" எங்கள் 40 நிமிடத்தில் இந்த இரண்டுக்கும் ஒரு வரி இல்லை. தப்பு என்னுடையதுதான். பேச்சை எளிமையாக்கினேனே தவிர, வரப் போகிறவர்களில் ஒருவரிடமாவது பேசிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு யார் வந்தாலும் நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்றுதான். கேட்க வரப்போகிறவர்களில் மூன்று பேரிடம் பத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். "இதைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? இதில் எது உங்களுக்குக் கவலை?" என்ற இரண்டே கேள்விகள். குறுக்கே திருத்தாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

எனக்குத் தெளிவாகத் தெரிவது அவர்களுக்கு ஏன் புரிவதில்லை?

உங்களுக்குத் தெளிவாகத் தெரிவதால்தான். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஊரறிந்த பாடல்களின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவர் தலைக்குள் மெட்டு, வாத்தியம், வரிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். எதிரில் இருப்பவர் காதில் விழுவதோ 'டொக் டொக்' மட்டும்.

கட்டுரையிலும் இதே கதைதான். கைக்கு வந்த ஒரு வாக்கியத்தை அப்படியே தருகிறேன்:

"நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் முறையற்ற பயன்பாட்டினால் உண்டாகும் தேர்வு அழுத்தத்தின் விளைவாக எதிர்ப்புத்திறன் கொண்ட திரிபுகளின் பரவல் அதிகரிக்கிறது."

இதை அறிவியல் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்டேன். "ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டா எதிர்ப்புசக்தி கூடும்னு போட்டிருக்கு" என்றார். நேர் எதிர்! அவர் மேல் தவறே இல்லை. 'எதிர்ப்புத்திறன்' என்றால் அவருக்குத் தெரிந்தது உடம்பின் நோய் எதிர்ப்புத்திறன். அது கூடினால் நல்லது. இங்கே எதிர்ப்பது உடம்பு அல்ல, கிருமி. அந்த ஒரு தகவல் வாக்கியத்துக்குள் இல்லை, எழுதியவர் தலைக்குள் மட்டும் இருந்தது. பிறகு இப்படி மாற்றினோம்:

"ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாக்டீரியாக்களைக் கொல்கிறது. ஆனால் கோடிக்கணக்கானவற்றில் ஒன்றிரண்டு அந்த மருந்துக்குச் சாகாத வகையாக இருக்கலாம். மற்றவை செத்துவிட்டதால் இடமும் இரையும் இனி அவற்றுக்கே. அவை பெருகிப் பிறருக்கும் பரவினால், அதே மாத்திரை அடுத்த முறை வேலை செய்யாது. மருந்தைத் தேவையில்லாமல் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் இந்த வகைக்கு நாமே இடம் காலி செய்து கொடுக்கிறோம்."

ஒரு வாக்கியம் ஐந்தாகிவிட்டதே என்று எழுதியவர் குறைப்பட்டார். ஆகட்டும். எளிமையாக்குவது என்றால் சுருக்குவது என்று யாரோ தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விடுபட்ட படிகளை இட்டு நிரப்பினால் நீளம் கூடத்தான் செய்யும்.

கலைச்சொல்லைத் தமிழில் எழுதுவதா, வழக்கில் இருக்கும் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவதா?

இதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட ஆட்கள் இருக்கிறார்கள். என் கட்சி எந்தப் பக்கமும் இல்லை. சொல் தமிழா ஆங்கிலமா என்று நான் பார்ப்பதில்லை. படித்ததும் வாசகர் மனத்தில் எந்தப் படம் எழுகிறது என்று பார்க்கிறேன்.

'கருந்துளை' அழகான சொல். ஆனால் அது துளை அல்ல. துளைக்கு நேர்மாறாக, மிகச் சிறிய இடத்தில் அடைந்துகிடக்கும் பெரும் நிறை. 'பெருவெடிப்பு' என்றதும் காலியான இடத்தில் பட்டாசு போல ஒன்று வெடித்துச் சிதறியதாகத் தோன்றும். உண்மையில் விரிந்தது இடமேதான். 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லுக்குள் சூரிய ஒளி, செல்பேசி அலை, எக்ஸ்ரே, அணு உலைக் கசிவு எல்லாம் அடங்கிவிடுகின்றன. அதனால் செல்பேசியையும் அணு உலையையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்படுகிறவரைக் குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட சொல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அருகிலேயே ஒரு வரி போட்டுவிட்டால் போதும்: "பெயரில்தான் துளை."

நிகழ்தகவைச் சொல்லும்போது 'வாய்ப்பு' என்று எழுதுகிறோம். "புற்றுநோய் வர வாய்ப்பு" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். யாரோ வேலைவாய்ப்பு கொடுப்பது போல. "வரக்கூடும்", "வரும் அபாயம்" என்று எழுதினால் நெருடல் இல்லை. மருத்துவச் சோதனையின் முடிவு 'நேர்மறை' என்று வந்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 'பாசிட்டிவ்' என்றாலும் அதே குழப்பம். "சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது" என்று எழுதினால் தீர்ந்தது.

ஆக்சிஜனா உயிர்வளியா என்பதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. கட்டுரை முழுக்க ஒன்றையே பயன்படுத்துங்கள்.

குழந்தை, ஆசிரியர், பொறியாளர், பாட்டி எல்லோரும் ஒரே அரங்கில் இருந்தால் யாருக்காகப் பேசுவது?

'சராசரிக் கேட்பவர்' என்று ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு பேசினால் அரங்கில் உள்ள யாருக்கும் பேசாமல் போய்விடுவோம். அப்படி ஓர் ஆள் வந்திருக்கவே மாட்டார். எல்லோரும் பார்த்த ஒரு பொருளை நடுவில் வைத்து, அதற்குள் யாரும் பார்க்காத ஒன்றைக் காட்டுங்கள்.

இதில் மைக்கேல் ஃபாரடேயை மிஞ்ச ஆளில்லை. கொல்லர் மகன், புத்தகம் கட்டும் பட்டறையில் தொழில் பழகியவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைகளைப் பலமுறை நிகழ்த்தினார். அவர் கையில் எடுத்த பொருள்களில் ஒன்று மெழுகுவத்தி. அதை இன்றைக்கும் வீட்டில் செய்து பார்க்கலாம். மெழுகுவத்தியைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை ஒரு நூலாக மேலே போகும். எரியும் தீக்குச்சியைத் திரியின் பக்கம் கொண்டுபோகாமல், இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். தீ புகை வழியாகக் கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொள்ளும்.

சிறுவனுக்கு அது மாயாஜாலம். கொஞ்சம் யோசிப்பவருக்கு, எரிவது திரியும் அல்ல கட்டி மெழுகும் அல்ல, மெழுகின் ஆவி என்று புரியும். வேதியியல் தெரிந்தவர் அங்கிருந்து நீராவி, கரியமில வாயு, நம் மூச்சு வரைக்கும் போகலாம். ஃபாரடேயும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினார். செய்முறை ஒன்றுதான், அவரவர் பாத்திரத்துக்கு ஏற்ப அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

உவமை சொல்லலாமா?

சொல்லாமல் முடியாது. ஆனால் எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அணுவைச் சூரியக் குடும்பம் என்று பள்ளியில் படித்தவர்கள் ஐம்பது வயதிலும் எலக்ட்ரான் குட்டிக் கோளாகச் சுற்றுகிறது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். டிஎன்ஏ-வை வீட்டு வரைபடம் என்கிறோம். வரைபடத்தில் சமையலறை எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். டிஎன்ஏ-வில் மூக்கு இங்கே இருக்கிறது என்று காட்ட முடியாது. "இதுவரைக்கும் ஒத்துவரும், இதற்கு மேல் ஒத்துவராது" என்று ஒரு வாக்கியம் போதும்.

எண்களை எப்படிச் சொல்வது? சதவீதம் போட்டால் எல்லோருக்கும் புரியும்தானே?

சதவீதம் போல ஏமாற்றுகிற எண் வேறு இல்லை.

1995 அக்டோபரில் பிரிட்டனில் ஓர் எச்சரிக்கை வெளியானது: புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள், இரத்தம் உறைந்து அடைக்கும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன. பொய் அல்ல. பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் 7,000-இல் இருவருக்கு வந்தது. ஒன்று இரண்டானால் இரண்டு மடங்குதானே, நூறு சதவீதம் அதிகம்! பதறிப்போன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடப்படுகிறது. வேதனை என்னவென்றால், இரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் அதிகம். "7,000-இல் ஒருவர், இப்போது இருவர்" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு பீதி கிளம்பியிருக்காது.

ஆகவே 'இரண்டு மடங்கு', '50 சதவீதம் அதிகம்' என்று எழுதினால் நான் விடமாட்டேன். எத்தனை பேரில் எத்தனை பேர், அது எத்தனை பேராக மாறியது என்று கேட்பேன்.

சோதனைகளின் துல்லியமும் இப்படித்தான். கணக்குக்காக ஒரு நோயை வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 10 பேருக்கு அது இருக்கிறது. சோதனை அந்த 10-இல் 9 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 990 பேரில் 50 பேரைத் தவறுதலாக 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். "கிட்டத்தட்ட 95 சதவீதம் துல்லியம்" என்று விளம்பரம் செய்யலாம். 'இருக்கிறது' என்று சீட்டு வாங்கிய 59 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர்தான். இதை நிகழ்தகவுச் சூத்திரமாகச் சொன்னால் மருத்துவர்களே தடுமாறுவார்கள். 1,000 பேரை வரிசையில் நிறுத்திக் காட்டினால் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

"நாளை மழை பெய்ய 30 சதவீத வாய்ப்பு" என்பதற்கு என்ன பொருள்? ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சரின் குழுவினர் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களின் தெருக்களில் இதைக் கேட்டு 2005-இல் வெளியிட்டார்கள். நாளின் 30 சதவீத நேரம் மழை என்றவர்கள் உண்டு, 30 சதவீதப் பரப்பில் மழை என்றவர்களும் உண்டு. இது போன்ற பத்து நாட்களில் மூன்று நாள் மழை வரும் என்ற சரியான பொருளைப் பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்தது நியூயார்க்கில் மட்டும். எதன் 30 சதவீதம் என்று அறிவிப்பவர் சொல்லாதபோது கேட்பவர் தானாக ஒன்றை இட்டு நிரப்பிக்கொள்கிறார்.

மக்களுக்குத் தெரியாததை நாம் சொல்கிறோம். அவர்களிடமிருந்து நாம் கேட்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதி ஆட்டு விவசாயிகள் கதையைச் சொல்வேன். இதைப் பிரையன் வின் என்ற சமூகவியலாளர் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அணு உலை வெடித்தது. மே முதல் வாரத்தில் கம்பிரியா மலைகளில் பெய்த கனமழையோடு கதிரியக்க சீசியமும் இறங்கியது. ஆடுகள் அந்தப் புல்லை மேய்ந்தன. ஒன்றும் ஆபத்தில்லை என்று முதலில் சொன்ன அரசு, ஜூன் மாதம் ஆடுகளை விற்கவும் அறுக்கவும் தடை போட்டது. மூன்று வாரம்தான், அதற்குள் சரியாகிவிடும் என்றார்கள். அந்தப் பகுதியின் கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012-இல்.

எங்கே பிசகியது? சீசியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும், புல்லுக்குள் மறுபடி ஏறாது என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். களிமண்ணுக்கு அது சரி. மலை மேல் இருந்தது அமிலத் தன்மையுள்ள கரி மண். அதில் சீசியம் அடங்காது. வேர் வழியாகப் புல்லுக்குப் போய், ஆட்டுக்குப் போய், எச்சமாக மண்ணுக்கே திரும்பி வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். மேட்டு மண்ணும் பள்ளத்தாக்கு மண்ணும் வேறு என்பது அங்கே ஆடு மேய்க்கும் எவருக்கும் தெரியும்.

அடுத்து, பென்டோனைட் என்ற களிமண் தாதுவைத் தூவினால் சீசியம் கட்டுப்படுமா என்று சோதிக்க, ஆடுகளை வேலி போட்டு அடைத்தார்கள். திறந்த மலையில் திரிந்து பழகிய ஆடுகள் பட்டிக்குள் மெலிந்துபோகும், கணக்கே தப்பாக வரும் என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அந்தச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த மலைகளுக்குப் பக்கத்திலேயே செல்லாஃபீல்டு அணு வளாகம் இருக்கிறது. அது விண்ட்ஸ்கேல் என்ற பெயரில் இருந்தபோது 1957-இல் பெரிய தீ விபத்து நடந்தது. "இந்தக் கதிரியக்கம் எல்லாம் செர்னோபிலிலிருந்து வந்ததுதானா, அதற்கு முன்பே இங்கே இருந்ததா?" என்று விவசாயிகள் கேட்டார்கள். ஏற்கெனவே மூன்று வாரம் என்று உறுதியாகச் சொல்லித் தவறிய வாயிலிருந்து வந்த எந்தப் பதிலையும் அவர்கள் நம்பவில்லை. நம்பிக்கை போனது அறியாமையால் அல்ல, அனுபவத்தால்.

மக்களைக் காலிக் குடமாக நினைத்து ஊற்றப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். விவசாயிகள் சீசியம் அணுவைப் பற்றிக் கேட்கவில்லை. என் ஆட்டை எப்போது விற்கலாம், நீங்கள் சொல்வதை எதை வைத்து நம்புவது என்று கேட்டார்கள்.

உறுதியாகத் தெரியாத விஷயத்தை எப்படிச் சொல்வது? தெரியாது என்றால் மதிப்புப் போய்விடாதா?

தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லி மாட்டிக்கொண்டால்தான் மதிப்புப் போகும்.

இத்தாலியின் லாக்விலா நகரில் 2009 தொடக்கத்திலிருந்து சின்னச் சின்ன நில அதிர்வுகள். மார்ச் 31 அன்று நிபுணர்கள் கூடினார்கள். பெரிய நிலநடுக்கம் வருமா வராதா என்று அறிவியலால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வராது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்துக்கு முன்பே பேட்டி கொடுத்த ஓர் அதிகாரி, சின்ன அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறிக்கொண்டிருப்பதால் ஆபத்தில்லை என்ற தொனியில் பேசிவிட்டார். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அதிர்வு வந்தால் வீட்டை விட்டு வெளியே வந்து படுப்பது அங்கே பலருக்குப் பழக்கம். இந்தப் பேச்சைக் கேட்டுச் சிலர் உள்ளேயே தங்கினார்கள். ஏப்ரல் 6 அதிகாலை 6.3 அளவு நிலநடுக்கம். 309 பேர் இறந்தார்கள். 2012-இல் ஏழு பேருக்குத் தண்டனை. 2014 மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகள் விடுவிக்கப்பட்டார்கள், அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது. விஞ்ஞானிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது சரியா என்பது வேறு வழக்கு. "பயப்படாதீர்கள்" என்பது அறிவியல் வாக்கியம் அல்ல என்பதை மட்டும் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது: எது உறுதியாகத் தெரியும், எது தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள என்ன செய்கிறோம், அதுவரை நீங்கள் என்ன செய்யலாம். கடைசியைச் சொல்லாமல் முதல் மூன்றோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

'அநேகமாக', 'பெரும்பாலும்' போன்ற சொற்களிலும் கவனம் வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு இதற்கென ஓர் அளவுகோலே வைத்திருக்கிறது. அதன் அறிக்கையில் வரும் 'மிகவும் சாத்தியம்' என்ற தொடருக்கு 90 முதல் 100 சதவீதம் என்று பொருள். படிப்பவர்களில் பலர் அதை அதைவிடக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சொல்லோடு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

பொய்ச் செய்தியை மறுத்தால் அதுவே இன்னும் பரவும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்றும் என்பது 1977-லிருந்தே சோதனைகளில் தெரிந்தது. ஆனால் திருத்தினால் மக்கள் முன்னைவிட இறுக்கமாகப் பொய்யைப் பிடித்துக்கொள்வார்கள் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னதை, பின்னால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் செய்த சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. திருத்தினால் பெரும்பாலும் திருந்துகிறார்கள். தயங்காமல் மறுங்கள்.

ஆனால் தலைப்பில் பொய்யைப் போடாதீர்கள். உண்மையில் தொடங்கி, பொய்யை ஒரே ஒரு முறை சொல்லி, அது ஏன் தவறு என்று காட்டி, உண்மையிலேயே முடியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர் ஒருவர் அனுப்பியதை எல்லோர் முன்னாலும் கிழிக்காதீர்கள். தனியாகப் போன் போட்டு, "சித்தப்பா, இதை அனுப்பினீங்களே, எதைப் பாத்து பயந்தீங்க?" என்று கேளுங்கள். முக்கால்வாசி நேரம் அந்தப் பயத்துக்கும் அவர் அனுப்பிய செய்திக்கும் சம்பந்தமே இருக்காது.

அதிகாரிகளுக்கும் முடிவெடுப்பவர்களுக்கும் எப்படிச் சொல்வது?

அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு என்ன என்பதில் தொடங்குங்கள். உங்கள் ஆய்வின் வரலாற்றில் அல்ல.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்று பயந்த பொறியாளர்கள், முந்தின இரவே ஏவ வேண்டாம் என்று தாள் தாளாக விவரம் அனுப்பினார்கள். ஆனால் வெப்பநிலை குறையக் குறைய வளையச் சேதம் எப்படிக் கூடுகிறது என்று எல்லா ஏவுதல்களையும் ஒரே படத்தில் காட்டிய தாள் அவற்றில் இல்லை. இரண்டு வாரம் கழித்து விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் ஒரு வளையத் துண்டைக் கவ்வியில் இறுக்கி, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்தார். கவ்வியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இதைச் சொல்லிப் பழியைப் பொறியாளர்கள் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. அவர்கள் வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். கேட்காதது மேலே இருந்தவர்கள். ஆனாலும் உங்களிடம் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்றால், அதில் அந்த ஒரு படம் இருக்கட்டும்.

ஸ்லைடு, வரைபடம் பற்றி?

சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபாடு காட்டாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12-இல் ஒருவருக்கு நிறக்குறைபாடு உண்டு, பெரும்பாலும் இந்த இரண்டு நிறங்களில்தான். கோட்டின் மேலேயே பெயரை எழுதிவிட்டால் நிறத்தை நம்ப வேண்டாம். "இந்தப் படத்தில் பார்க்கிறபடி" என்று சொல்லி நிறுத்தாமல், படத்தில் இருப்பதை வாயாலும் சொல்லுங்கள். பார்வையற்றவர் ஒருவர் அரங்கில் இருக்கலாம். மைக் வேண்டாம், என் குரல் கேட்கும் என்று சொல்லாதீர்கள். கேட்காதவர் கை தூக்க மாட்டார்.

சிறுவர்களுக்கு?

குரலைக் குழைக்க வேண்டாம். அவர்கள் கேட்கும் "ஏன்" பெரும்பாலும் நல்ல கேள்வி. பதில் தெரியாவிட்டால், "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

மலினப்படுத்துகிறாய் என்று சக ஆய்வாளர்கள் சொல்கிறார்களே?

பிழையாகச் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விட்டுவிட்டாய் என்றால், எதை விடுவது என்று யோசித்துத்தான் விட்டேன் என்று சொல்லுங்கள். வெறும் பொறாமை என்றால் அதற்கு மருந்து என்னிடம் இல்லை.

புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மரியாதைக்குத்தான். "வீட்டில் உள்ளவர்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் வாயிலிருந்து வருவதுதான் நீங்கள் உண்மையில் சொன்னது.

முதலில் சொன்ன அந்த இரத்த அழுத்த உரை, வேறொரு முதியவர் கூட்டத்தில் மறுபடி நடந்தது. இந்த முறை முன்கூட்டியே மூன்று பேரிடம் பேசியிருந்தோம். "அளவு நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்பதில் உரை தொடங்கியது. பம்பும் குழாயும் பத்து நிமிடத்தோடு சரி. முடிவில் ஒரு பாட்டியிடம், வீட்டில் போய் என்ன சொல்வீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். "மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுவேன்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "ஆனா எனக்குத் தலைசுத்தல் வர்ற அன்னிக்கு மட்டுந்தானே பிரஷர், அன்னிக்கு மட்டும் போட்டா போதாதா?" என்றார். அரங்கில் பாதிப் பேர் ஆமாம் என்பது போல ஆய்வாளரையே பார்த்தார்கள். பெரும்பாலானோருக்கு இரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் ஏறும் என்ற வரி எங்கள் உரையில் எங்கேயும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கான தாளில் அதை முதல் வரியாக எழுதிக்கொண்டோம்.